மருந்து கட்டுமுன் 5 நிமிடம்

திருக்கை முள் ஏறின கால், தூண்டில் கிழித்த கை, செருப்புக் கடித்துத் தொடங்கிய சீனி வருத்தக்காரரின் புண். திருகோணமலையில் கிளினிக் வாங்கில் இருப்பவர்களைக் கேட்டால் மருந்து, ஊசி, பத்தியம் எல்லாம் ஒப்புவிப்பார்கள். இரவு எத்தனை மணி நேரம் நித்திரை என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. புண் ஆறுவதில் நித்திரைக்கும் மன அமைதிக்கும் பங்குண்டு. அந்த அமைதிக்கு 5 நிமிட மூச்சுப் பயிற்சி ஒன்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

மனம் பதறிக்கொண்டே இருந்தால் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் தோலின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கும். புண்ணுக்குப் போகும் ஒட்சிசன் குறையும். பதற்றத்தில் சுரக்கும் இன்னொரு ஹோர்மோனான கோர்ட்டிசோல், புண்ணைத் துப்புரவாக்க வரவேண்டிய வெண்குழியங்களை அழைக்கும் சமிக்ஞைகளை அடக்கிவிடும். இரத்தச் சீனியையும் ஏற்றும். 1995இல் அமெரிக்காவில், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரிக்கும் பெண்களின் முன்கையில் 3.5 மில்லிமீற்றர் காயம் செய்து பார்த்தார்கள். அந்தச் சுமை இல்லாத பெண்களைவிட அவர்களுக்கு ஆற சராசரி 9 நாள் கூடுதலாக எடுத்தது. 1998இல் பல் மருத்துவ மாணவர்களின் அண்ணத்தில் செய்த காயமோ, விடுமுறையைவிடப் பரீட்சைக் காலத்தில் 40 வீதம் மெதுவாக ஆறியது. அமைதி மருந்தல்ல. மிதித்திருக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது, அவ்வளவுதான்.

காலில் புண் என்றால் அதைத் தலையணையில் உயர்த்தி, முதுகைச் சாய்த்து இருங்கள். மூக்கால் மூச்சை 4 விநாடி இழுத்து, 6 விநாடி மெல்ல விடவேண்டும். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகசு நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணலாம்: ஒரு கையில் 12 கணு, இரண்டரைச் சுற்று வந்தால் 30 மூச்சு, 5 நிமிடம். தொலைபேசி தேவையில்லை, அதை எடுத்தால் செய்தியும் சேர்ந்து வரும்.

பிழைவிடும் இடம் ஒன்றுதான்: ஆழமாக இழுக்கவேண்டும் என்று நெஞ்சு புடைக்க இழுப்பது. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு மளமளவென்று குறைந்து தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் விறுவிறுக்கும். அப்போது வழமையான மூச்சுக்குத் திரும்பி, பிறகு சிறிதாக இழுங்கள். தோள் ஏறக்கூடாது, வயிறு அசைந்தால் போதும். மூச்சை அடக்கவே வேண்டாம், பிரஷர் உள்ளவர்கள் குறிப்பாக.

இதைச் செய்ய நல்ல நேரம், மருந்து கட்டுமுன். பயத்தில் காலை இறுக்கிக்கொண்டால் நோ கூடும். காய்ந்து ஒட்டிய துணியை வெடுக்கென்று பிய்த்தால் அடியில் முளைத்த செந்நிறப் புதுத் தசையும் சேர்ந்து வரும். கொதித்தாறிய நீரிலோ சேலைனிலோ ஊறவிட்டு, மூச்சு விடும்போது மெல்ல எடுக்கவேண்டும்.

பின்னேரம் 3 மணிக்குப் பிறகு பிளேன்டீயை நிறுத்துங்கள், நித்திரை வரும். சிகரெட்டை எப்போதுமே, நிக்கொட்டீன் இரத்தக் குழாயைச் சுருக்கும்போது இந்த மூச்செல்லாம் வீண்.

கன்னியா வெந்நீரூற்று நீரை அள்ளி ஊற்றினால் உடம்பு இளகும், உண்மை. திறந்த புண்ணில் மட்டும் வேண்டாம். கால் மரத்தவர்களுக்குச் சூடும் தெரியாது. கடல் நீரும் கூடாது. வெதுவெதுப்பான உப்புநீரில் விப்ரியோ கிருமி இருக்கும், சீனி வருத்தக்காரருக்கும் ஈரல் நோயாளருக்கும் அது பொல்லாதது.

சிவப்பு பரவுகிறது, கெட்ட மணம் வருகிறது, சீழ் வருகிறது, ஓரம் கறுக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது: இவற்றில் ஒன்று கண்டாலும் மூச்சை எண்ணிக்கொண்டு வீட்டில் இராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.