புத்தேரிக் குளத்துக்கரையில் தாடகை மலை

நவம்பர் 9, சனி

இரண்டு நாள் மழைக்குப் பிறகு இன்றுதான் வானம் வெளுத்தது. விடியற்காலை ஐந்தரைக்கே நாகர்கோவில் பக்கத்துப் புத்தேரிக் குளத்துக்கரைக்குப் போய்விட்டேன். வடக்கே தாடகை மலை, ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போலவே, நெற்றி முதல் கால் வரை தெளிவாகத் தெரிந்தது. அகலமாகக் காட்டும் 18 எம்எம் வைட் லென்ஸில் முப்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கறையான் புற்று அளவுக்குக் கிடக்கிறாள் தாடகை. கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்த மலை! உச்சியில் நின்ற மேகமும் வெளிச்சம் மிஞ்சி பர்ன் ஆகி வெறும் வெள்ளையாகிவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

வைட் லென்ஸ் கிட்டே இருப்பதைப் பெரிதாக்கி மலையைத் தூரத் தள்ளிவிடும். தெரிந்த விஷயம்தான், கரையில் நிற்கும்போது மறந்துபோகிறது. இன்று தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் 70-200 லென்ஸைக் கொண்டுபோனேன். கரையோடு நடந்து, எதிர்ப்பக்கத் தென்னைகள் மலைக்கு நேர் அடியில் வருகிற இடம் பார்த்து 100 எம்எம்மில் வைத்தேன். தென்னைகள் விரல் அளவுக்கு நிற்க, மலை எழும்பிவிட்டது.

கீழே முழுக்கத் தாமரை இலை. இலைக்கும் தென்னைக்கும் நடுவே ஒரு கீற்றுத் தண்ணீராவது தெரியவேண்டும், இல்லையென்றால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சப்பையாகிவிடுகிறது. ட்ரைபாடைத் தாழ்த்தினால் அந்தக் கீற்று மறைகிறது. கால்களை முழுக்க நீட்டி, கேமராவைத் தலைக்கு மேலே ஏற்றிய பிறகுதான் தண்ணீர் தெரிந்தது.

நவம்பர் 16, சனி

மேகமே இல்லை. இரண்டு படத்தோடு திரும்பிவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று முழுக்க வெளிச்சத்தோடுதான் போராட்டம். வலப்பக்கம் சூரியன் எழும்பி மேகம் சிவந்தபோது குளம் இன்னும் இருட்டில் கிடந்தது. குளத்துக்கு ஏற்றபடி எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவு) வைத்தால் மேகம் வெளிறுகிறது, மேகத்துக்கு வைத்தால் குளம் கறுக்கிறது. மேல்பாதி மட்டும் இருண்டிருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். ஃபில்டரின் கோடு நேர்கோடு, மலையின் கோடு அப்படியா? தாடகையின் நெற்றியும் சேர்ந்து இருண்டுபோனது. சரி, பிராக்கெட்டிங் என்று, வெளிச்சத்தில் இரண்டிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வித்தியாசத்தில் மூன்று படம் எடுத்துச் சேர்த்தால், காற்றில் ஆடிய ஒவ்வொரு தாமரை இலைக்கும் மூன்று விளிம்பு.

கடைசியில் ஒரே படம்தான் கைகொடுத்தது. ரா ஃபைல் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ஐஎஸ்ஓ 100, எஃப் 8. மேகத்தில் மிக வெளுத்த இடம் ஹிஸ்டோகிராமின் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் நிற்கிற வரைக்கும் ஷட்டரை மாற்றிக்கொண்டே போனேன். 1/60 நொடியில் நின்றது. திரையில் குளம் ஒரே கறுப்பு. மனசு பதறினாலும் கை வைக்கவில்லை. நிழலைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம், வெளிறிப்போன மேகத்தை எதை வைத்தும் மீட்க முடியாது. ராத்திரி திறந்து பார்த்தேன். இலைப் பச்சை மெல்ல மேலே வந்தது, மேகத்தின் சிவப்பும் அப்படியே இருந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

தூறல் விட்டதும் கிளம்பப் பார்த்தேன். தாமரை பறித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி தண்ணீரில் நின்றபடியே சொன்னார்: "மேகம் எறங்கியாச்சு மக்கா. இப்பம் போவாத, அரை மணிக்கூர் நில்லு."

நின்றேன். மலை முழுசாக மறைந்து, அப்புறம் நெற்றியும் மூக்கும் மட்டும் வெளியே வந்தன. கழுத்துக்குக் கீழே வெறும் வெண்மை. முதல் படம் அழுக்குச் சாம்பலாக வந்தது. எந்த வெண்மையையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் குணம். மீட்டரின் கணக்கைத் திருத்தும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வைத்ததும் பனி பனியாக வந்தது. போன வாரம் இறக்கினேன், இந்த வாரம் ஏற்றினேன். இரண்டு நாளும் பார்த்தது ஹிஸ்டோகிராமின் அந்த வலது ஓரத்தைத்தான்.

கரையேறிய அண்ணாச்சி ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் திரையைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இதுல்லா தாடகை" என்றார். அவருக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுக்கவேண்டும்.

கும்பப்பூ நெல் நடவு முடிந்த வயல்களில் இன்னும் தண்ணீர் மின்னுகிறது. பயிர் வளர்ந்து அதை மூடுவதற்குள் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு விடியற்காலை போய்விட வேண்டும்.