புள்ளியியல் படித்தேன் என்று நிரூபிக்க மூன்று வாரம்

சேர்க்கைக் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இன்னமும் மின்னஞ்சலைத் திறக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் நான் விழுந்த பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். படிவம் நிரப்புவது, கட்டணம் கட்டுவது, பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்வது எல்லாம் ஒரு சாயங்கால வேலை. அதை விடுங்கள்.

நான் பி.எஸ்சி. தாவரவியல். எந்த அறிவியல் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் முன்தகுதிப் பாடங்கள்: வேதியியல், கணிதம், புள்ளியியல். எல்லாம்தான் படித்திருக்கிறோமே என்று அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. புள்ளியியல் படித்ததற்குச் சான்று இல்லை, விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், மூன்று வாரத்துக்குள் அனுப்புங்கள்.

கோபம்தான் முதலில் வந்தது. மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதும் சரி. ஐந்தாம் பருவத்தில் உயிர்ப்புள்ளியியல் ஒரு முழு அலகு இருந்தது. திட்டவிலக்கம், கை-ஸ்கொயர், டி-டெஸ்ட் என்று கால்குலேட்டர் பொத்தான் தேயத் தேயப் போட்டிருக்கிறேன். ஆனால் பட்டியலில் அந்தத் தாளின் பெயர் ‘முதன்மைப் பாடம் 9’. அவ்வளவுதான். அது பாசியா, பூஞ்சையா, புள்ளியியலா என்று எங்கோ உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் கேட்டது நான் படித்த வருடத்துப் பாடத்திட்டம், வகுப்பு நேரத்தோடு, கல்லூரி முத்திரையோடு. சரி, ஒரு நாள் வேலை என்று கிளம்பினேன்.

“சிலபஸா? அதெல்லாம் வெப்சைட்ல இருக்கும், எடுத்துக்கோங்க” என்றார் அலுவலகத்தில் இருந்தவர், தலையை நிமிர்த்தாமலே. வெப்சைட்டில் இருந்தது புதுப் பாடத்திட்டம். நான் முடித்துப் போன பிறகு மாற்றிவிட்டார்கள். தாளின் குறியீட்டு எண்ணே வேறு. அதை அனுப்பியிருந்தால் என் பட்டியலோடு பொருந்தாமல் சந்தேகம் இன்னும் கூடியிருக்கும். இரண்டாம் முறை போனேன், அவர் விடுப்பு. மூன்றாம் முறை, “துறைத்தலைவர் கையெழுத்தோட ஒரு லெட்டர் கொண்டு வாங்க” என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். துறைத்தலைவரோ தேர்வு வேலையாக வெளியூரில். மூன்றில் ஒரு வாரம் இப்படியே போயிற்று.

காப்பாற்றியவர் ஆய்வக உதவியாளர் அண்ணன். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். விஷயத்தைக் கேட்டதும், “உங்க பேட்ச்சா? இரும்மா” என்று மைக்ராஸ்கோப் அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு, காலிகோ அட்டை போட்ட ஒரு புத்தகத்தை உருவினார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. நான்காம் அலகு இருந்த பக்கம் முழுசாக இருந்தது. ‘உயிர்ப்புள்ளியியல், 15 மணி நேரம்.’ அங்கேயே நின்று நான்கு படம் எடுத்தேன், கை நடுங்கி இரண்டு மங்கல்.

துறைத்தலைவர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். அலுவலகத்தில் முத்திரையும் போட்டார்கள், சரியாக அந்த ‘15’ மேலேயே. ஊதா மையில் எண் காணாமல் போய்விட்டது. மறுபடி நகல், மறுபடி வரிசை. தயவுசெய்து வெற்றிடத்தை விரலால் காட்டி, இங்கே போடுங்கள் என்று சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம்.

இன்னொரு யோசனை அந்த வரிசையில் நிற்கும்போதுதான் வந்தது. என் இளநிலை ப்ராஜெக்டே கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் எடுத்த ஆற்று நீரை ஒப்பிடுவதுதான். இரண்டும் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்க டி-டெஸ்ட்தான் போட்டிருந்தேன். அந்தப் பக்கங்களையும் சேர்த்து அனுப்பினேன். நான்கு நாளில் பதில்: முன்தகுதி நிறைவடைந்தது. இரண்டே சொல். அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையையும் அதே ப்ராஜெக்ட்தான் காப்பாற்றியது. முதல் வரைவு ‘சிறு வயதிலிருந்தே இயற்கை மீது எனக்கு’ என்று ஆரம்பித்தது. இரண்டு வருடம் முன்னால் போன அக்கா ஒருவர் படித்துவிட்டு, “இதை யார் வேணா எழுதலாம், நீ என்ன பண்ணின?” என்று கேட்டார். நான் பண்ணியது ஒரு தப்பு. நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தீர்க்கின்றன என்பதுதான் பிஓடி. அதை அளக்க 300 மில்லி பாட்டிலில் நீரைக் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி மூடி, 20 டிகிரியில் இருட்டில் 5 நாள் வைக்க வேண்டும். மூன்றாம் இரவு கரண்ட் போய், பாட்டில்களை அந்த 20 டிகிரியிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டி சூடேறி, நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வேகமாகத் தீர்த்துவிட்டன. எண்கள் பிரமாதமாக, நான் எதிர்பார்த்தபடியே வந்தன. அதனால்தான் சந்தேகப்பட்டு, விசாரித்து, மறுபடி மாதிரி எடுத்தேன். இதை எழுதினேன். நேர்காணலில் பேராசிரியர் பாதி நேரம் இதைப் பற்றியே கேட்டார்.

மற்றவை அவசரமாக. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். சில இடங்களில் விண்ணப்பிக்கும் நாளில் மட்டுமல்ல, வகுப்பு தொடங்கும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும் என்கிறார்கள். ‘அகாடமிக்’ தேர்வைத்தான் எழுத வேண்டும், ‘ஜெனரல் டிரெய்னிங்’ பெரும்பாலும் உதவாது. ஜிஆர்இ என்ற மேற்படிப்புக்கான தகுதித் தேர்வைக் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். நான் இரண்டு மாதம் சொல்லகராதியோடு மல்லுக்கட்டினேன், விண்ணப்பித்த நான்கில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. பரிந்துரைக் கடிதத்துக்கான இணைப்பு ஸ்பேமில் போய் விழும். ஆசிரியரைக் கூப்பிட்டு, “சார், ஸ்பேம்ல ஒரு தடவை பாருங்க” என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியருடைய ஜிமெயில் முகவரியை ஓர் இடத்தில் ஏற்கவே இல்லை, கடைசி வாரத்தில் வேறு ஆள் தேடினேன். ஆய்வேடு உள்ள படிப்பு என்றால் வழிகாட்டி ஒத்துக்கொண்ட பிறகுதான் சேர்ப்பார்களா என்று விசாரியுங்கள். கடைசி நாள் நள்ளிரவு என்பது அவர்கள் ஊர் நள்ளிரவு.

நேற்று முதல் பருவப் பாடங்களின் பட்டியல் வந்தது. எல்லோருக்கும் கட்டாயம் என்று ஒன்றுதான் இருக்கிறது: அடிப்படைப் புள்ளியியல்.