பனிமய மாதாவை நோக்கி ஒரு கோடை

உடன்குடிக்கு அருகே பனங்காட்டை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டுக்குக் கோடை, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தின் முதல் கஞ்சி அடுப்பில் ஏறும் நாளில் தொடங்கி, ஆகஸ்டு 5ஆம் தேதி தூத்துக்குடியில் பனிமய மாதாவின் சப்பரம் வீதிகளைச் சுற்றி ஆலயம் திரும்பும் இரவில் முடிகிறது. இடைப்பட்ட மாதங்களில் சமையலும் தோட்டமும் பங்குக் கோயிலும் வீட்டுச் செபமும் அந்த ஒரு நாளை நோக்கியே நகர்கின்றன. திருத்தலப் பயணத்தைப் பேருந்து ஏறும் நாளிலிருந்து எழுதுவதே வழக்கம் என்றாலும், எங்கள் பயணத்தை அப்படி எழுதினால் பாதிக்கு மேல் விடுபட்டுப் போகும் என்பதால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறன்று, சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறில் மந்திரித்துத் தந்து நிலைப்படியின் மேல் செருகியிருந்த காய்ந்த ஓலைச் சிலுவைகளை மாமா எடுத்துத் தூசி தட்டிக் கோயிலில் சேர்ப்பார். அவற்றை எரித்த சாம்பலே புதனன்று எங்கள் நெற்றிக்கு வரும். அன்று முதல் மாமாவும் அத்தையும் ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி இருப்பார்கள். எனக்கும் பிள்ளைகளுக்கும் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் கட்டாயம். அத்தை வைக்கும் உளுந்தங்கஞ்சியில் தோல் உளுந்து, பச்சரிசி, வெந்தயம், நாலு பல் பூண்டு, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால் ஆகியவை தவிர வேறொன்றும் இராது. மற்ற மாதங்களில் அதில் கருப்பட்டியும் சேரும். தவக்காலத்தில் கருப்பட்டிப் பானையை அத்தை பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு வாளியில் போட்டு வந்து, அது நிறைந்ததும் புனித வாரத்திற்கு முன் பங்கிலுள்ள ஏழை வீடுகளுக்குக் கொடுத்துவிடுவோம். நோன்பு இருக்கும் வீட்டில் மிச்சப்படுவது அந்த வீட்டுக்குச் சொந்தமில்லை என்பது அத்தையின் உறுதியான எண்ணம். நானும் அதை இப்போது முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆண்டுத் தவக்காலத்தில்தான் மாமாவின் பார்வை மங்கியிருப்பது எங்களுக்குத் தெரிய வந்தது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டில், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப்பாதை செபங்களை அவர்களே வாசிப்பார்கள். ஒரு வெள்ளியன்று, "தாத்தா பக்கத்தைத் திருப்பாமலே வாசிக்கிறாங்கம்மா" என்று மகள் என் காதருகே வந்து சொன்னாள். பதினான்கு நிலைகளும் மனப்பாடம் என்பதால், கண்ணில் புரை விழுந்ததை அவர்கள் யாரிடமும் சொல்லாமல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், வெயில் தணிந்து ஜூன் மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அன்றிரவே அத்தை பனிமய மாதாவுக்கு வெள்ளியில் கண்ணுருவம் செலுத்துவதாக நேர்ந்துகொண்டார்கள்.

குருத்தோலை ஞாயிறன்று பவனி முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் ஓலைக்கொழுக்கட்டை செய்வோம். அதற்கென்று பனங்குருத்தை வெட்டித் தர முந்தின நாளே ஆள் வந்துவிடுவார். இளமஞ்சள் நிறத்தில் ஈரம் காயாமல் இருக்கும் ஓலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, வறுத்த அரிசிமாவோடு கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், வேகவைத்த சிறுபயறு, ஏலக்காய், சுக்கு ஆகியவற்றைப் பிசைந்து, மடிப்புக்குள் விரலால் அழுத்தி அடைத்து, இன்னோர் ஓலையால் மூடி, ஈர்க்கால் கட்டி இட்லிக் கொப்பரையில் நிற்க வைப்போம். வெந்து வரும்போது ஓலையின் வாசம் மாவுக்குள் இறங்கி, அதன் வரிகள் கொழுக்கட்டையின் மேல் அப்படியே பதிந்திருக்கும். அந்த ஒரு ஞாயிறுக்கு மட்டும் கருப்பட்டிப் பானை பரணிலிருந்து இறங்கி, மறுபடியும் மேலே போகும். பெரிய வெள்ளியன்று கஞ்சியும் தேங்காய்த் துவையலும் மட்டும்தான். ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவுத் திருப்பலி முடிந்து நடுநிசிக்கு மேல் வீடு திரும்பி, விடியற்காலையிலேயே இட்லிக்கும் ஆட்டுக்கறிக் குழம்புக்கும் அடுப்பு மூட்டுவோம்.

அதன் பிறகு வெயில் கடுமையாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், வள்ளங்கள் கொண்டு வரும் கொஞ்சம் சாளையும் நெத்திலியும் தவிர மீன் விலை கைக்கு எட்டாது. அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றுவது கருவாடும் தோட்டமும்தான். கிணற்றில் நீர் இறங்கி உவர்ப்பேறும் சமயத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கும், அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் ஊற்றுவோம். முருங்கைக்கு எதுவுமே வேண்டாம். வெயில் ஏற ஏற அது காய்த்துத் தள்ளும். மொட்டை மாடியில் வடகமும் மோர்மிளகாயும் காயும். காலையில் பனையேறி இறக்கி வரும் பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதில் நுங்கை வழித்துப் போட்டுக் குடித்துவிட்டுப் பிள்ளைகள் விளையாடப் போவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் அது இனிப்பாகவே நிற்கிறது என்பதையும், ஒரு கருப்பட்டிக்கு எவ்வளவு பதநீர் காய வேண்டும் என்பதையும் அவர்கள் பதநீர் காய்ச்சும் குடிசைகளான விடிலிகளில் நின்று பார்த்தே தெரிந்துகொண்டவர்கள்.

மல்லிகைக்கு மட்டும் வீட்டில் தனிக் கவனிப்பு உண்டு. மே மாதம் மாதாவின் வணக்க மாதம். கிணற்றடிக் கொடியில் பூப்பது முழுவதையும் மாலையில் அரும்பாகவே பறித்து, வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்திற்குச் சரம் தொடுத்துப் போடுவோம். ஞாயிறன்று தெருமுனையிலுள்ள மாதாவின் குகைக் கோயிலான கெபிக்கும் எங்கள் சரம் போகும். ஏழு மணிக்கு விளக்கேற்றி, பாய் விரித்து, அனைவரும் முழந்தாளிட்டதும் செபமாலையைப் பிள்ளைகளே நடத்துவார்கள். பெரியவர்கள் பதில் சொல்வோம். இந்தக் கடற்கரையில் இது இன்று நேற்று வந்த பழக்கமன்று. 1542இல் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியடித்துக்கொண்டு சிறுவர்களைக் கூட்டி, தமிழில் செபங்களைக் கற்றுக்கொடுத்து, அவர்கள் வழியாகவே வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் கற்றுக்கொடுக்கச் செய்தார் என்பதை அவருடைய கடிதங்களிலிருந்து அறிகிறோம். என் மகன் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, மாமா தாழ்ந்த குரலில் முடிக்கும் ஒவ்வொரு மாலையும் எனக்கு அந்த நினைவு வரும்.

ஜூன் மாதத்தில் மாமாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தலையில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருந்தன. நானும் என் மயினியும் (கணவரின் அண்ணன் மனைவி) மாறி மாறிச் சொட்டு மருந்து விட்டோம். கட்டுப்பாடுகள் தளர்ந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய காலையில் அவர்கள் முதலில் கேட்டது செபப் புத்தகத்தைத்தான். அட்டை பிய்ந்து, ஓரம் பழுப்பேறிய அந்தப் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோகாமல், மடியிலேயே வைத்து ஒரு பக்கம் முழுவதையும் வாய்விட்டு வாசித்தார்கள். பிறகு பக்கத்தைத் திருப்பினார்கள். மகள் என்னைப் பார்த்தாள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

தமிழில் அச்சான செபப் புத்தகத்துக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு ஆழமானது. இங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய போர்த்துக்கீசிய ஏசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அந்தச் சின்னஞ்சிறு மறைக்கல்வி நூல்தான். எங்கள் ஊர்களில் புத்தகம் என்ற பொருள் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது செபத்துக்காகவே என்று எண்ணும்போது, மாமா அதைக் கையிலிருந்து விடாததற்கான காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஜூலை 26 கொடியேற்றத்திற்கு என் கணவரும் கொழுந்தனாரும் மட்டும் போய் வந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே நவநாள் செபம் சொல்லி, ஆகஸ்டு 5ஆம் தேதி அதிகாலையில் புறப்பட்டோம். அன்று தூத்துக்குடி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பதால் திருச்செந்தூரிலேயே பேருந்துகள் நிரம்பிவிடுகின்றன. கட்டுச்சோறாகப் புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாழையிலையில் மடித்து எடுத்துக்கொண்டோம். ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களையும் முக்காணியின் வாழைத் தோட்டங்களையும் தாமிரபரணியையும் தாண்டி, பழையகாயலுக்கு அப்பால் நிலம் திடீரென்று தட்டையாகி உப்பளங்கள் தொடங்கிவிடும். ஆடிக்காற்று மணலை வாரி இறைக்க, பாத்திகளின் ஓரத்தில் அறுவடை செய்த உப்பு வெள்ளைக் குன்றுகளாகக் குவிந்து கிடந்தது. "பனின்னா இப்படித்தான் இருக்குமா ஆச்சி?" என்று மகன் கேட்டான். அத்தை அதற்கு ரோமாபுரியின் கதையைச் சொன்னார்கள்.

நான்காம் நூற்றாண்டில், திருத்தந்தை லிபேரியுசின் காலத்தில், தம் செல்வத்தை மாதாவுக்குக் கொடுக்க விரும்பிய பிள்ளையற்ற தம்பதியர்க்கு, ஆலயம் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டும்படி, ஆகஸ்டு மாதக் கொடும் வெயிலில் எஸ்குவிலின் குன்றின்மீது ஓரிரவில் பனி பொழிந்திருந்தது என்பது மரபு. அங்கே எழுந்த மரியன்னைப் பேராலயத்தில் இன்றும் ஆகஸ்டு 5 அன்று விதானத்திலிருந்து வெள்ளை மலர்களைப் பொழியச் செய்கிறார்கள். அனலும் உப்பும் நிறைந்த ஒரு துறைமுக ஊர் இந்த அன்னையைத் தன் காவலியாகக் கொண்டிருப்பதை நான் இறைவனின் பெரும் கனிவாகவே காண்கிறேன். வெயிலில் உழைப்போர்க்கு இதைவிட ஆறுதலான திருவுருவம் எது கிடைக்கும்?

கடற்கரைச் சாலையில் நிற்கும் தற்போதைய ஆலயம் ஏசு சபைக் குருவான விஜிலியுஸ் மான்சி அவர்களால் கட்டப்பட்டு 1713 ஆகஸ்டு 5 அன்று அர்ச்சிக்கப்பட்டது. 1982இல் அதற்குப் பேராலயத் தகுதி கிடைத்தது. மாதாவுக்கு 1806இல் அமைந்த பொன் தேர் எல்லா ஆண்டும் ஓடுவதில்லை. ஆலயத்தின் முந்நூறாம் ஆண்டான 2013இலும், பின்னர் 2023இலும் அது வீதி வந்ததைக் கண்டவர்கள் எங்கள் ஊரில் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். உள்ளே நுழைந்தால் நடுப்பீடத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, அடுக்கடுக்கான பூமாலைகளுக்கு நடுவே அன்னை நிற்கிறார்கள். மக்கள் பனிமய மாதாவின் போர்த்துக்கீசியப் பெயரால் 'தஸ்நேவிஸ் மாதா' என்றும், 'தாயே' என்று மட்டுமே சொல்லியும் கையேந்துகிறார்கள். பரதவர் குலத்தின் தாயாகத் தொடங்கிய அந்த உறவில் இன்று எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசி, மகளின் திருமணம் நடந்ததற்கு நன்றி சொல்ல, மாலையும் மெழுகுதிரியும் கையில் வைத்திருந்தார்.

நீண்ட நேரம் நின்ற பிறகு பீடத்தருகே இடம் கிடைத்தது. எங்கள் கிணற்றடி மல்லியில் கட்டிய சரம், பந்து போன்ற மாலைகளுக்கு முன் மிகச் சிறியதாக இருந்தாலும், அத்தை அதைத்தான் முதலில் கொடுத்தார்கள். அடுத்து வெள்ளிக் கண்ணுருவத்தை மாமாவின் உள்ளங்கையில் வைத்து, "நீங்களே போடுங்க" என்றார்கள். மாமா அதைக் காணிக்கைப் பெட்டியில் இட்டுவிட்டு, நிமிர்ந்து, சுரூபத்தை நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு மாதாவின் மேலங்கியில் உள்ள வேலைப்பாட்டைப் பேரனுக்கு விரல் நீட்டிக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மாலையில் சப்பரம் புறப்பட்டபோது சாலை முழுவதும் மக்கள் வெள்ளம். ஒலிபெருக்கியில் செபமாலை ஒலிக்க, நடப்பவர்கள் நடந்தபடியே பதில் சொன்னார்கள். வீட்டு வாசல்களில் மெழுகுதிரி ஏற்றி வைத்துத் தண்ணீரும் மோரும் கொடுத்தார்கள். மே மாதம் முழுவதும் பாயில் முழந்தாளிட்டுச் சொல்லிப் பழகிய அதே செபத்தை இத்தனை ஆயிரம் குரல்களோடு சேர்ந்து சொன்னபோது, எங்கள் வீட்டுப் பீடமும் இந்த வீதியும் ஒரே கோயிலின் இரண்டு இடங்களாகவே எனக்குத் தோன்றின. மாமா கடைசிவரை நடந்தார்கள். திருவிழாக் கடைகளில் பிள்ளைகளுக்கு மக்ரூனும், அத்தையின் விருப்பப்படி பெரிய எழுத்தில் அச்சான புதிய செபப் புத்தகம் ஒன்றும் வாங்கிக்கொண்டு, இரவுப் பேருந்தில் ஏறினோம். பழைய புத்தகமே போதும் என்றார்கள் மாமா. புதியதைத் தமக்காகவே வாங்கியதாக அத்தை சொன்னார்கள். அடுத்த தவக்காலத்திலிருந்து சிலுவைப்பாதையை இருவரும் நிலை மாற்றி நிலை வாசிப்பது என்று ஆத்தூர் வருவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள்.