ரஜாய்க்கு வெயில் காட்டும் நேரம்

இன்று காலை தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்திருந்தது. டெல்லியில் குளிர் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பரணிலிருந்து ரஜாய்களை (பஞ்சு அடைத்த கனத்த போர்வைகள்) இறக்கி மொட்டை மாடியில் காயப்போட்டேன். கட்டிதட்டிப்போன ஒன்றைப் பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்தாயிற்று. அந்துருண்டை வாசம் போக இரண்டு நாள் வெயிலாவது வேண்டும்.

இந்த முறை அம்மா சென்னையிலிருந்து வருகிறார். 2006 ஜனவரியில் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 0.2 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் இது. மொசைக் தரையில் கால் வைக்க முடியாது. அதனால் அம்மா அறைக்குத் தரைவிரிப்பு, ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை.

ஆனால் எல்லா இடுக்கையும் அடைத்துவிடாதீர்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குளிர்காய மூடிய அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் எழாமலே போய்விடுவார். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீஸருக்கும் இதே ஆபத்து உண்டு.

அப்புறம், உங்கள் கட்டடத்தில் இரவுக் காவல் இருக்கும் அண்ணன் சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அங்கீட்டி (குளிர்காயும் கரி அடுப்பு) மூட்டுகிறாரா என்று ஒரு தடவை கேளுங்கள். எங்கள் காவலருக்கு இந்த வருடம் கனமான ரஜாய் ஒன்று வாங்கியிருக்கிறோம்.