பைக் தானாகப் பிரேக் போட்டால் நம் உடம்பு என்ன ஆகும்?

முன்னால் போகும் வண்டியை ரேடாரால் கவனிக்கும் பைக்குகள் பற்றிப் பேச்சு வந்தாலே பலரும் கேட்பது ஒன்றுதான்: "முன்னால் ஏதாவது வந்தால் வண்டி தானே நின்றுவிடுமா?" அவசரத்துக்கு அது தானே நிற்கும் என்று நம்பி ஓட்டவே கூடாது. இப்போதைக்கு அது அப்படி நிற்காமல் இருப்பதும் நல்லதுதான் என்பேன்.

காரில் சீட் பெல்ட் நம்மைப் பிடித்துக்கொள்ளும். பைக்கில் நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நாமே பிரேக் பிடிக்கும்போது லீவர் அழுந்துவதற்குள் கை விறைத்துவிடும், முட்டி டேங்கை இறுக்கிவிடும். அதையே இயந்திரம் திடீரென்று செய்தால் உடம்பு தயாராக இருக்காது. பாரம் மொத்தமும் ஹேண்டில்பாரில் போய் விழும். வளைவில் சாய்ந்திருக்கும் நேரம் என்றால் இன்னும் மோசம். முன் பிரேக் பலமாக விழுந்ததும் வண்டி நிமிரப் பார்க்கும், நாம் நினைத்த தடத்தை விட்டு வெளியே போகும்.

அதனால்தான் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல், அதாவது முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப நம் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி, அளவோடுதான் பிரேக் போடுகிறது. 2021 மாடல்களான டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4, பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஆர்டி எல்லாம் இந்த வகைதான். மீதி வேலை ஓட்டுபவருடையது.

எனக்கு மிகவும் பிடித்தது 2023இல் வந்த யமஹா டிரேசர் 9 ஜிடி பிளஸ் எடுத்த வழி. நாம் பிரேக் பிடித்து, அது போதவில்லை என்று ரேடார் கண்டால் மட்டும் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். அதற்குள் நம் உடம்பு தயாராகியிருக்கும் இல்லையா!

அப்புறம் ஒன்று. பின்னால் ஆள் இருந்தால், க்ரூஸ் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவருக்கு லீவரும் தெரியாது, முன்னால் போகும் வண்டியும் சரியாகத் தெரியாது.