காத்மாண்டுவில் கல்லில் உட்காராத தூண்

பசுபதிநாத், தமேல் கடைத்தெரு, அனுமன் தோக்காவில் அரை மணி நேரம் போட்டோ. காத்மாண்டு போகும் நம்மவர்களின் பயணம் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் விழுந்தவை எப்படி எழுந்தன என்று பார்க்க, காத்மாண்டுவுக்கு ஒரு நாள், பக்கத்து நகரமான பாட்டனுக்கு (லலித்பூர்) ஒரு நாள் ஒதுக்குங்கள்.

முதலில் காஷ்டமண்டபம். ஊருக்கே பெயர் கொடுத்த மர மண்டபம். உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தபோது அப்படியே சரிந்தது. பழைய கட்டடம், அஸ்திவாரம் இற்றுப்போயிருக்கும் என்றுதான் தோன்றும். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் நேபாளத் தொல்லியல் துறையினரும் தோண்டிப் பார்த்தால், 7ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகும் அந்த அஸ்திவாரம் கெட்டியாகவே இருந்தது. குறுக்குச் சுவர்கள் அதை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து இறுக்கிப் பிடித்திருந்தன.

கோளாறு அதற்கு மேலே. மண்டபத்தின் பாரத்தைத் தாங்கியவை நான்கு நடுத்தூண்கள். தூணின் அடியில் முளைபோலச் செதுக்கிய கழுந்து, பாதக்கல்லின் குழிக்குள் இறங்கி நின்றால்தான் நிலம் ஆடும்போது தூண் நழுவாது. ஒரு தூணுக்கு மட்டும் அந்தப் பிடிப்பு இல்லை. 20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தவர்கள் அந்தத் தூணைப் பாதக்கல்லோடு சேர்க்காமல் மேலே தளம் போட்டு மூடிவிட்டார்கள். கல் உள்ளேயே கிடந்தது! 2022இல் கட்டி முடித்த புதிய மண்டபத்தில் தூணடிகளைக் குனிந்து பாருங்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ராணி போக்ரி. குளத்து நடுக்கோயிலை கான்கிரீட்டில் எழுப்பத் தொடங்க, ஊர்க்காரர்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். பிறகு செங்கல்லும் சுர்க்கி எனும் செங்கல்தூள் கலந்த சுண்ணாம்புமாக வேலை நடந்தது. தரஹரா கோபுரத்தையோ கான்கிரீட்டிலேயே கட்டிவிட்டார்கள். காட்சிக்குச் சரி, அதை மீட்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

பாட்டனில்தான் கைவேலை தெரியும். 1566இல் கட்டிய சார் நாராயணன் கோயிலும் பக்கத்து ஹரிசங்கர் கோயிலும் தரைமட்டமாயின. செதுக்கு மரங்களை ஊர்க்காரர்களும் போலீஸும் ராணுவமும் உடனே அருங்காட்சியக வளாகத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததால் பழைய மரங்கள் மீண்டும் கோயிலேற முடிந்தது. புல்டோசர் வாரிய இடங்களில் எந்தத் துண்டு எந்தக் கோயிலுடையது என்பதே குழம்பிப்போனது.

படமெடுக்கக் காலை வெயில்தான் நல்லது; சாய்ந்து விழும் ஒளியில் உளித்தடமும், பழைய மரத்தோடு புது மரம் சேர்த்த ஒட்டும் தெரியும். கூரையைத் தாங்கும் சாய்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு படம்: முழுசாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஒட்டு மட்டும் நெருக்கத்தில் ஒன்று, சுவரில் புகும் முனை ஒன்று. எட்டும் உயரத்தில் இருப்பவற்றின் அருகே, மரத்தைத் தொடாமல், 15 செ.மீ. அளவுகோலைப் பிடியுங்கள். எந்த மூலை, எந்த அடுக்கு, எத்தனையாவது கட்டை என்று அங்கேயே எழுதிக்கொள்ளாவிட்டால் அறைக்குத் திரும்பியதும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இடியும் முன் எடுத்த பழைய படம் ஒன்றை போனில் வைத்துக்கொண்டு, அதே கோணத்தில் நின்று எடுத்தால் ஒப்பிட வசதி.

கூரையையும் விடாதீர்கள். ஓடுகளைக் களிமண்மேல் பதிப்பதால் விதை விழுந்து புல் முளைக்கும். வேர் ஓட்டைக் கிளப்ப, மழைநீர் இறங்கிச் சுவருக்குள் இருக்கும் உத்தர முனை அழுகும். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் போனால், எந்தக் கோயிலில் புல் பிடுங்கவில்லை என்று கீழிருந்தே தெரியும்.

இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் குறைவு. பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அட்டையையோ கையில் வைத்திருங்கள்.