அக்கரைப் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டோ: போக்குவரத்து நிதி வாங்கிய அனுபவம்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் என்ற முறையில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) பள்ளிக்குத் தொலைவில் இருக்கும் பிள்ளைகளை அழைத்துவரத் தரப்படும் போக்குவரத்து மற்றும் வழித்துணை நிதியை ஒரு குடியிருப்புக் குழந்தைகளுக்காக ஒருவழியாக வாங்கி முடித்திருக்கிறேன். நிதி வந்துவிட்டது, எரிச்சல் இன்னும் தணியவில்லை. ஆகவே எங்கெங்கே சிக்கியது என்பதையே மிகுதியாக எழுதுகிறேன்.

அந்தக் குடியிருப்பு ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. கோடையில் பிள்ளைகள் வறண்ட ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே நடந்து வந்துவிடுவார்கள். ஐப்பசியில் தண்ணீர் ஏறிவிட்டால் தார்ச்சாலை வழியாக ஏரியைச் சுற்றித்தான் வர வேண்டும். விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடும் பெற்றோரால் கூட வர இயலாது. அதனால் தை பிறக்கும்வரை அந்தப் பிள்ளைகள் இரண்டு நாள் வருவதும் நான்கு நாள் நின்றுவிடுவதுமாக இருப்பார்கள். தேர்வு நெருங்கும்போது பாடம் எட்டாத தொலைவில் இருக்கும். ஆறாம் வகுப்பைத் தாண்டியவர்களில் சிலர் அத்துடன் முழுவதும் நின்றுவிடுவதையும் பார்த்திருக்கிறோம்.

குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுவதும் அதை மேலாண்மைக் குழுவுக்கான கைபேசிச் செயலியில் ஏற்றுவதும் தலைமையாசிரியரின் ஒத்துழைப்பால் ஒரே மாலையில் முடிந்தன. கோப்பு வட்டார அலுவலகத்துக்குப் போன பிறகுதான் ஆட்டம் தொடங்கியது.

தொடர்ந்து 30 பள்ளி வேலைநாள்கள் வராத குழந்தையைத்தான் பள்ளி செல்லாக் குழந்தையாகக் கணக்கில் எடுப்பார்கள். எங்கள் பிள்ளைகளோ இடையிடையே தலைகாட்டிவிடுவதால் அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் அறுந்துபோகிறது. “உங்க பள்ளியில இடைநிற்றலே இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு நிதி?” என்று எழுத்தர் கேட்டார். இந்த நிதிக்கு இடைநிற்றலைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை, குடியிருப்பின் தொலைவுதான் அடிப்படை என்று விளக்கியும், தேவை இருப்பதற்குச் சான்று கேட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத வருகைச் சுருக்கமும் உதவவில்லை. பள்ளி முழுவதற்குமான சராசரியில் ஒரு சிறு குடியிருப்பின் பிள்ளைகள் வராதது தெரியவே தெரியாது.

எங்களைக் காப்பாற்றியது சத்துணவு அமைப்பாளரின் நாற்பது பக்க நோட்டு. மழைக்காலத்தில் முட்டை மிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக, அக்கரைப் பிள்ளைகள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று காலையிலேயே கேட்டு, தேதிக்கு எதிரே ‘அ’ என்று எழுதி எண்ணிக்கையைப் பென்சிலில் குறித்து வைப்பது அவர் வழக்கம். புரட்டாசிப் பக்கங்களில் இரட்டை இலக்கமாக இருந்த எண், கார்த்திகையில் பல நாள்கள் சுழியமாகவே இருந்தது. அதை வகுப்பு வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, குடியிருப்புவாரியாக ஒரு பட்டியல் தயாரித்துத் தலைமையாசிரியரிடம் ஒப்பம் வாங்கிக் கொடுத்தோம். அதன் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை. உங்கள் பள்ளியிலும் வருகையை வகுப்புவாரியாக மட்டும் பார்க்காமல் குடியிருப்புவாரியாகவும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த மாதத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்த சிக்கல் தொலைவு. தொடக்கநிலைக்கு 1 கிலோமீட்டர், நடுநிலைக்கு 3 கிலோமீட்டர் எல்லைக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அலுவலகத்தில் ஒருவர் கைபேசி வரைபடத்தைத் திறந்து, ஏரிக்குக் குறுக்கே நேர்கோடு இழுத்து, நாங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று தீர்ப்பு வழங்கினார். பிள்ளைகள் நீந்தியா வருவார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கோப்பு அவர் மேசையில் இருந்ததால் கேட்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் சாலைவழித் தொலைவுச் சான்று வாங்கினோம். அதில் ஊரார் வழங்கும் குடியிருப்பின் பெயரும், வட்டாரப் பட்டியலில் தாய்க் கிராமத்தின் பெயரும் இருந்ததால் மீண்டும் திருப்பினார்கள். இரண்டு பெயர்களும் ஒரே இடத்தைக் குறிப்பவை என்ற ஒரு வரியைச் சான்றிலேயே சேர்த்து எழுதி வாங்கிவிட வேண்டும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த வரிக்காக ஒரு வேலைநாள் கூலி போயிற்று.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காலம். இந்த நிதி கேட்டவுடன் கிடைப்பதன்று. பள்ளியின் தேவை வட்டாரம், மாவட்டம் வழியாக மாநிலத்தின் ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்து, மத்திய அரசின் ஒப்புதல் குழுவைக் கடந்து வர வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு மனுக் கொடுத்தால் அந்த ஆண்டு பெரும்பாலும் கைநழுவியதாகவே கொள்ளலாம். மழைக்காலம் முடிவதற்குள் தாள்களைச் சேர்த்துக் கொடுத்துவிடுவதே நல்லது. திட்டச் செலவில் மத்திய அரசுக்கு 60 விழுக்காடும் மாநிலத்துக்கு 40 விழுக்காடும் பங்கு. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராத விவகாரத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்திய நிதி நிறுத்திவைக்கப்பட்டதிலிருந்து, “டெல்லியிலிருந்து பணம் வரலை” என்பது எந்தக் கேள்விக்கும் பொருந்தும் விடையாகிவிட்டது. அது உண்மையான நெருக்கடிதான். ஆனால் தொலைவுச் சான்று மேசை இழுப்பறையில் கிடந்ததற்கும் டெல்லிக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட பிறகே எங்கள் கோப்பு இழுப்பறையை விட்டு வெளியே வந்தது.

திட்ட விதிப்படி ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 6000 ரூபாய் வரை அனுமதிக்கலாம். பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600 ரூபாய். தனி ஆளாக எந்த ஓட்டுநரும் இதற்கு வரமாட்டார்; பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சேர்த்துச் சொன்ன பிறகுதான் ஆட்டோக்காரர் ஒப்புக்கொண்டார். பணமும் முன்போலக் குழுவின் கணக்கில் வந்து நிற்பதில்லை. செலவிடும் வரம்பு மட்டுமே ஒதுக்கப்படுகிறது. பணம் பெறுபவரின் வங்கி விவரத்தை அரசின் பணம் செலுத்தும் இணையதளத்தில் பதிந்து அவருக்கே நேரடியாகச் செலுத்த வேண்டும். எங்கள் ஓட்டுநரின் வங்கிக் கணக்கு நெடுநாளாக வரவுசெலவு இல்லாமல் முடங்கிக் கிடந்ததால் முதல் மாதத் தொகை திரும்பிவிட்டது. ஓட்டுநரை அமர்த்தும் அன்றே அவருடைய கணக்கு இயங்குகிறதா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள், ஏனெனில் மார்ச் 31க்குள் செலவிடாத வரம்பு காலாவதியாகிவிடும்.

இப்போது ஆட்டோ காலையில் ஏரியைச் சுற்றி வருகிறது. கடந்த கார்த்திகையில் சத்துணவு நோட்டில் ‘அ’வுக்கு எதிரே சுழியம் விழவில்லை. எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், ஒன்பதாம் வகுப்புக்குப் போன இரண்டு பெண் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. அனுமதி ஓராண்டுக்கே என்பதால் அடுத்த ஆண்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டேன். இம்முறை நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை குத்தும்வரை எழுத்தரின் மேசையை விட்டு நகரவில்லை.